யாரைப் பேசவிடவில்லை என்பதே செய்தியானபோது

2025 ஜூன் மாதம் பிபிசி செய்தி அலைவரிசையில் ஒரு சிறு செய்தி வாசிக்கப்பட்டது. பிரிட்டனில் அப்போது கடும் வெயில். வெப்பத்தால் ஏற்படக்கூடிய மரணங்கள் பற்றி லண்டனில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வைப் பற்றிய செய்தி அது. முதியவர்கள், கர்ப்பமாக உள்ள நபர்கள், ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வாசித்தவர் மார்ட்டின் குரோக்ஸால். ‘நபர்கள்’ என்று வாசித்துவிட்டு, அடுத்த நொடியே ‘பெண்கள்’ என்று திருத்திச் சொன்னார். சொல்லும்போது முகத்தில் ஒரு பாவனை வந்து போனது.

அவ்வளவுதான் நடந்தது. மாலைக்குள் அந்தச் சில நொடிக் காணொளி உலகம் முழுவதும் சுற்றியது. இவர்தான் என் அபிமான வாசிப்பாளர் என்ற பொருளில் ஜே.கே. ரவுலிங் பாராட்டினார். இன்னொரு தரப்பு புகார் எழுதியது. அதே ஆண்டு நவம்பரில் பிபிசியின் புகார் பிரிவு 20 புகார்களை ஏற்றுக்கொண்டது. அவருடைய முகபாவனை, சர்ச்சைக்குரிய ஒரு விவகாரத்தில் சொந்தக் கருத்தைக் காட்டுவது போல் இருந்தது என்பது அதன் முடிவு. அந்த முடிவும் தலைப்புச் செய்தியானது. வெயிலில் யார் இறந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்பது மட்டும் யாருக்கும் நினைவில்லை. செய்தியே அதுதான்.

நம் மொழியில் இந்தக் காட்சியைக் கொண்டுவரவே முடியாது. தமிழில் ‘கர்ப்பிணிகள்’ என்று எழுதுவோம்; அந்தச் சொல்லுக்குள்ளேயே பெண் இருக்கிறாள். ஆங்கிலத்தில் ஒருவரை ‘ஹி’ என்பதா ‘ஷி’ என்பதா என்று நாள் கணக்கில் சண்டை நடக்கிறது. நாமோ வயதுக்கு வந்த எவரையும் ‘அவர்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதனால்தானோ என்னவோ, இந்த விவகாரம் நம் வாசகர்களுக்குப் பாதிதான் வந்து சேர்கிறது. சண்டையின் சத்தம் புலனத்தில் வருகிறது. எதற்குச் சண்டை என்பது வருவதில்லை. ‘பெண் என்றால் யார் என்று சொல்லத் தெரியாத வெள்ளைக்காரன்’ என்ற கிண்டலோடு வரும் காணொளிகள் உங்களுக்கும் வந்திருக்கும்.

எதற்குச் சண்டை என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

பிரிட்டனில் 2004-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவரும், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவரும் தங்கள் பாலினத்தைச் சட்டப்படி மாற்றிக்கொள்ள அது வழி செய்தது. மருத்துவச் சான்று வேண்டும், இரண்டு ஆண்டுகள் அந்தப் பாலினத்தில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும், ஒரு குழு அதை ஏற்க வேண்டும். அறுவைச் சிகிச்சை கட்டாயமில்லை. (சிங்கப்பூரில் 1973 முதல், அறுவைச் சிகிச்சைக்குப் பின் அடையாள அட்டையை மாற்றிக்கொள்ள முடிந்தது. மலேசியாவில் இன்றும் நீதிமன்றப் படியேற வேண்டும். தீர்ப்புகளும் ஒன்றுபோல் வந்ததில்லை.) அந்தச் சட்டம் வந்தபோது பிரிட்டனில் பெரிய சலசலப்பு எதுவும் இல்லை.

2017-இல் அப்போதைய கன்சர்வேட்டிவ் அரசாங்கம், இந்த மருத்துவச் சான்றை நீக்கிவிட்டு, சுய அறிவிப்பின் பேரிலேயே பாலினத்தை மாற்றிக்கொள்ள அனுமதிக்கலாமா என்று யோசிக்கத் தொடங்கியது. 2018-இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான பதில்கள் குவிந்தன. பெண்ணியவாதிகள் வெளிப்படையாக இரண்டாகப் பிரிந்தது அப்போதுதான்.

இந்தப் பிளவு புதிதல்ல. 1979-இலேயே ஜேனிஸ் ரேமண்ட் என்ற அமெரிக்கப் பெண்ணியவாதி திருநங்கையரைக் கடுமையாக எதிர்த்து ஒரு நூல் எழுதினார். அதற்குத் திருநங்கையான சாண்டி ஸ்டோன் எழுதிய பதில், ஒரு புதிய கல்வித்துறைக்கே அடிப்படையானது. ஆனால் அது படித்தவர்களுக்குள் நடந்த வாதம். 2018-இல் அது சட்டமாகும் நிலைக்கு வந்தது.

ஒரு தரப்பின் கேள்வி இது: பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண், உதவி மையத்துக்கு வருகிறார். ஓர் ஆணிடம் பேச அவரால் முடியவில்லை. ‘எனக்கு ஆலோசனை சொல்லப்போகிறவர் பெண்தானா?’ என்று கேட்கிறார். மையம் என்ன பதில் சொல்ல வேண்டும்? இது கற்பனை இல்லை. எடின்பரோவில் இப்படிப்பட்ட ஒரு மையத்தில் வேலை செய்த பெண் ஊழியர் ஒருவர், இதுபோன்ற கேள்விக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று மேலிடத்தைக் கேட்டார். அதற்காக அவர் மீதே ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. 2024 மே மாதம், அவர் நியாயமற்ற முறையில் வேலையை விட்டு வெளியேறும் நிலைக்குத் தள்ளப்பட்டார் என்று தொழிலாளர் தீர்ப்பாயம் முடிவு செய்தது.

மற்றத் தரப்பின் கேள்வியும் அதே அளவு கனமானது. திருநங்கையும் அடிபடுகிறார், வன்முறைக்கு ஆளாகிறார். அவர் எந்தக் கதவைத் தட்டுவார்? ஆண்கள் விடுதிக்கு அனுப்பினால் அங்கே என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெண் என்பவளை உடலை வைத்து மட்டும் அளக்காதே என்று நூறு ஆண்டுகளாகப் போராடிய இயக்கம், இப்போது இவர்களை மட்டும் உடலை வைத்து அளக்கலாமா என்று இந்தத் தரப்புப் பெண்ணியவாதிகள் கேட்கிறார்கள். ஜூடித் பட்லர் போன்ற சிந்தனையாளர்கள் இந்தப் பக்கம் நிற்கிறார்கள்.

இரண்டுமே உட்கார்ந்து பேச வேண்டிய விஷயங்கள். உதவி மையத்துக்கு ஒரு விதி, சிறைக்கு ஒரு விதி, விளையாட்டுக்கு ஒரு விதி என்று தனித்தனியாகப் பேசித் தீர்க்கக்கூடியவையும்கூட. ஆனால் பத்திரிகைகள் இதை அப்படி எடுத்துச் செல்லவில்லை.

பிரிட்டனில் இடதுசாரிகளும் பெண்ணியவாதிகளும் தங்கள் வீட்டுப் பத்திரிகையாக நினைப்பது ‘கார்டியன்’. 2018 அக்டோபரில் அது ஒரு தலையங்கம் எழுதியது. திருநர் உரிமையை ஆதரித்த அதே தலையங்கம், பெண்களின் அச்சத்தையும் புறந்தள்ளக் கூடாது, உரிமைகள் மோதும் இடங்கள் உண்டு என்றது. சில வாரங்களில், அதே பத்திரிகையின் அமெரிக்கப் பிரிவில் வேலை செய்யும் செய்தியாளர்கள், அந்தத் தலையங்கத்தை மறுத்து அதே இணையத் தளத்தில் கட்டுரை எழுதினார்கள். சொந்தப் பத்திரிகையின் தலையங்கத்தைச் சொந்தச் செய்தியாளர்களே மறுப்பதை நான் அதற்கு முன் அதிகம் பார்த்ததில்லை. அதுவரை மோசமில்லை, கருத்துக்குக் கருத்தால் பதில் சொன்னார்கள். இரண்டையும் வாசகர் படிக்க முடிந்தது.

2020-இல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு பிப்ரவரி 29 அன்று ஆக்ஸ்ஃபர்டில், பிரிட்டனின் முதல் பெண் விடுதலை மாநாட்டின் 50-ஆம் ஆண்டு விழா நடந்தது. அதில் பேச இருந்த வரலாற்றுப் பேராசிரியர் செலினா டாட், கடைசி நேரத்தில் வர வேண்டாம் என்று தடுக்கப்பட்டார். காரணம், பாலின அடையாளம் பற்றிய அவருடைய கருத்து. இதைக் கண்டித்து கார்டியனின் பத்தி எழுத்தாளர் சூசன் மூர் மார்ச் மாதம் எழுதினார். முந்தைய ஆண்டுதான் ஆர்வெல் பரிசு பெற்றவர் அவர். அவர் எழுதிய சில நாள்களில், கார்டியன் நிறுவன ஊழியர்கள் 338 பேர் கையெழுத்திட்ட கடிதம் ஆசிரியருக்குப் போனது. அதில் மூரின் பெயர் இல்லை. திருநர்களுக்கு எதிரான எழுத்துகளைப் பத்திரிகை தொடர்ந்து வெளியிடுகிறது என்பது புகார். நவம்பரில் மூர் வெளியேறினார். பிறகு எழுதப் போன இடம் ‘டெலிகிராஃப்’. பழமைவாதிகளின் பத்திரிகை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். வறுமையில் வளர்ந்து, தனியாகப் பிள்ளைகளை வளர்த்து, ஆயுள் முழுவதும் இடதுசாரியாக எழுதிய ஒரு பெண்ணுக்கு, இந்த ஒரு விஷயத்தைப் பேச வலதுசாரிப் பத்திரிகையில்தான் இடம் கிடைத்தது. அவர் மட்டுமல்ல, அவரைப் போல் நினைத்த பலரும் அந்தப் பக்கம் போனார்கள். அந்தப் பத்திரிகைகளுக்கு இது நல்ல வியாபாரம். பெண்கள் காப்பகங்களுக்கான நிதி வெட்டப்பட்டபோது அவை இத்தனை பக்கங்கள் ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை. லங்காஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் பேக்கர், திருநர் பிள்ளைகளுக்காக இயங்கும் ஓர் அமைப்பு கேட்டுக்கொண்டதன் பேரில், பிரிட்டிஷ் பத்திரிகைகளை எண்ணிப் பார்த்தார். 2012-இல் திருநர்களைப் பற்றி 694 கட்டுரைகள் வந்திருந்தன. 2018-19-இல் அது 6,400-ஐ நெருங்கியிருந்தது. எண்ணிக்கை கூடியதோடு குறை கூறும் தொனியும் கூடியதாக அவர் சொன்னார்.

ஆக, வாசகர் ஒரு பத்திரிகையை மட்டும் படித்தால் அவருக்குக் கிடைத்தது பாதிதான். கார்டியன் வாசகருக்கு எடின்பரோ மையத்தில் கேட்கப்பட்ட கேள்வி தயக்கத்தோடுதான் வந்து சேர்ந்தது. டெலிகிராஃப், மெயில் வாசகருக்குத் திருநங்கை என்றால் சிறையிலோ கழிவறையிலோ இருக்கும் ஓர் ஆபத்து. கடையில் கணக்கு எழுதும், மருத்துவமனையில் ஊசி போடும் ஒரு மனிதராக அவர் வந்ததே அபூர்வம்.

இரண்டு பக்கமும் சேர்ந்து வளர்த்த ஒரு கதை உண்டு. ‘எங்களைப் பேசவிடவில்லை’ என்ற கதைதான் அது. இதில் உண்மையும் உண்டு, நாடகமும் உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததுதான் ஊடகங்களின் பெரிய தவறு என்பேன்.

2015-இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஜெர்மேன் கிரியர் பேசக் கூடாது என்று மாணவர்கள் மனு போட்டார்கள். பெரும் பரபரப்பு. ஆனால் பல்கலைக்கழகம் அழைப்பைத் திரும்பப் பெறவில்லை. நவம்பரில் அவர் காவல் பாதுகாப்போடு போய்ப் பேசிவிட்டு வந்தார். அவருடைய கருத்து அந்த வாரம் கிடைத்த அளவுக்கு விளம்பரம் அதற்கு முன் எப்போதும் பெற்றதில்லை. உலகப் புகழ் பெற்ற ஒருவர், பல பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் நின்றுகொண்டு தம் வாயை அடைத்துவிட்டார்கள் என்று சொன்னால், நாம் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம்.

மாயா ஃபோர்ஸ்டேட்டர் விஷயம் வேறு. அவர் அப்போது யாருக்கும் தெரியாத ஓர் ஆய்வாளர். மனிதரின் பிறப்புப் பாலை மாற்ற முடியாது என்று டுவிட்டரில் எழுதினார். வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 2019 டிசம்பரில் தீர்ப்பாயம் அவருக்கு எதிராக முடிவு சொன்னது. 2021 ஜூனில் மேல்முறையீட்டில் அது மாறியது. அப்படி நம்புவதற்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றார்கள். 2023-இல் ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல் இழப்பீடு. தத்துவப் பேராசிரியர் கேத்லீன் ஸ்டாக், சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தம்மை நீக்கக் கோரும் சுவரொட்டிகளுக்கும் முகமூடி அணிந்த ஆர்ப்பாட்டக்காரர்களுக்கும் நடுவே வேலைக்குப் போய்வந்து, 2021 அக்டோபரில் விலகிவிட்டார். இவை இழப்புகள். இவற்றைக் கிரியரின் கதையோடு சேர்த்து ஒரே பட்டியலில் போட்டபோது, உண்மையாக வேலை இழந்தவரின் கதையும் மலிந்துபோனது.

வெட்டுவதும் ஒரு தரப்புக்கு மட்டும் நடக்கவில்லை. 2021 செப்டம்பரில் ஜூடித் பட்லரின் நேர்காணலைக் கார்டியனின் அமெரிக்கப் பிரிவு வெளியிட்டது. சில மணி நேரத்தில் ஒரு கேள்வியும் அதற்கான பதிலும் காணாமல் போயின. திருநங்கையரை ஏற்காத பெண்ணியவாதிகளைப் பாசிசத்தோடு இணைத்து அவர் பேசிய பகுதி அது. அந்தக் கேள்வியில் குறிப்பிட்ட ஒரு சம்பவம் பற்றிப் புதிய தகவல் வந்துவிட்டது என்பது பத்திரிகை சொன்ன காரணம். கேள்வியில் பிழை என்றால் கீழே ஒரு குறிப்புப் போடலாமே! பதிலை ஏன் தூக்க வேண்டும்? அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஆனாலும் அது அவருடைய பதில்.

அடுத்த மாதம் பிபிசி வழுக்கி விழுந்தது. சில திருநங்கையர் தங்களை உறவுக்கு வற்புறுத்துவதாகத் தன்பாலினப் பெண்கள் சிலர் சொன்னதை ஒரு கட்டுரையாக வெளியிட்டது. அந்தப் பெண்கள் சொன்னதைக் கேட்க வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கட்டுரையில் எடுத்துக்காட்டிய கருத்துக் கணிப்பில் பங்கேற்றவர்கள் வெறும் 80 பேர். அதை நடத்தியதோ ஒரு தரப்பைச் சேர்ந்த இயக்கம். தலைப்பும் தவறான எண்ணத்தைத் தந்தது என்று பிபிசியின் புகார் பிரிவே 2022-இல் ஒப்புக்கொண்டது, தலைப்பு மாற்றப்பட்டது. நல்ல கேள்வியை மோசமான ஆதாரத்தோடு எழுதினால், அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்களுக்குத்தான் முதல் அடி.

இந்தச் சத்தம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு 2024 பிப்ரவரி 7-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் நடந்ததைப் பார்த்தால் போதும். அதற்கு ஓராண்டுக்கு முன், வடமேற்கு இங்கிலாந்தின் வாரிங்டன் அருகே ஒரு பூங்காவில் 16 வயதுத் திருநங்கைச் சிறுமி ஒருவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர்களும் சிறார்கள். அந்தச் சிறுமியின் தாயார் அன்று நாடாளுமன்றத்துக்கு வந்திருந்தார். அதே நாளில்தான் பிரதமர் ரிஷி சுனாக், பெண் என்றால் யார் என்று எதிர்க்கட்சித் தலைவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்று கேலி பேசினார். அது அவர் புதிதாகக் கண்டுபிடித்த கேலி அல்ல. அரசியல்வாதி எவர் கிடைத்தாலும் ‘பெண் என்றால் யார்?’ என்று கேட்டு மடக்குவதை வானொலியும் தொலைக்காட்சியும் ஆண்டுக்கணக்கில் ஒரு விளையாட்டாகவே நடத்தி வந்தன. பெண்கள் தங்கள் பாதுகாப்புக்காகக் கேட்ட கேள்வி, ஆண்கள் கைதட்டு வாங்கும் துணுக்காகிவிட்டது.

இதை ஒழுங்காகச் செய்தவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். பாலின அடையாளக் குழப்பத்தோடு வரும் பிள்ளைகளுக்கான லண்டன் டாவிஸ்டாக் சிகிச்சை மையத்தில் என்ன நடக்கிறது என்று பிபிசியின் ‘நியூஸ்நைட்’ செய்தியாளர்கள் ஹன்னா பார்ன்ஸும் டெபோரா கோஹனும் 2019 முதல் தோண்டினார்கள். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று அவர்கள் கேட்கவில்லை. அங்கே வேலை செய்த மருத்துவப் பணியாளர்கள் என்ன கவலை தெரிவித்தார்கள், அந்தக் கவலை எங்கே போனது, மருந்துக்கு ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். பார்ன்ஸ் இதை நூலாக எழுதியபோது இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் கை விரித்தன. ஒரு சிறு பதிப்பகம் 2023-இல் வெளியிட்டது. நூல் ஆர்வெல் பரிசின் இறுதிப் பட்டியலுக்கும் போனது. 2024 ஏப்ரலில் மருத்துவர் ஹிலரி காஸ் வெளியிட்ட ஆய்வறிக்கை, இந்தத் துறையில் மருத்துவர்களே வெளிப்படையாகப் பேச அஞ்சுகிறார்கள் என்று சொன்னது. பெரியவர்களின் பயத்தால் நஷ்டப்பட்டது பிள்ளைகள். திருநராகவே வளரப்போகிற பிள்ளையும் அதில் அடக்கம். காத்திருப்போர் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் நின்றதும் அந்தப் பிள்ளைதான்.

கடைசியாக, 2025 ஏப்ரல் 16. ‘ஃபார் விமன் ஸ்காட்லாந்து’ என்ற பெண்கள் அமைப்பு, ஸ்காட்லாந்து அரசாங்கத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்பது பிறப்பால் பெண்ணையே குறிக்கும் என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதே மூச்சில் தீர்ப்பை வாசித்த ஹாட்ஜ் பிரபு, இதை ஒரு தரப்பின் வெற்றி, மற்றத் தரப்பின் தோல்வி என்று கொள்ள வேண்டாம் என்றும், திருநர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் பிரிவுகள் அந்தச் சட்டத்தில் அப்படியே இருக்கின்றன என்றும் தெளிவுபடுத்தினார். ஆனால் பல ஊடகங்களில் வந்தது நீதிமன்ற வாசலில் மதுப்புட்டியைத் திறந்து கொண்டாடிய படமும், மறுபக்கம் கண்ணீர்ப் படமும்தான். இந்த வழக்கில் கருத்துச் சொல்ல உச்ச நீதிமன்றம் அனுமதித்தவர்களில் திருநர் ஒருவரும் இல்லை. முன்னாள் நீதிபதியான ஒரு திருநங்கை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. இதையும் பல செய்திகள் சொல்லாமல் விட்டன.

அடுத்தவரைக் குறை சொல்லிவிட்டு என் கணக்கைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. அன்றைய செய்தியை மொழிபெயர்த்தவர்களில் நானும் ஒருவன். எனக்குக் கிடைத்த இடம் ஆறு பத்தி. செய்தி நிறுவனம் அனுப்பிய ஆங்கிலப் பிரதியில் ஹாட்ஜ் பிரபுவின் எச்சரிக்கையும், பாதுகாப்புத் தொடர்கிறது என்ற வரியும் கீழே இருந்தன. வழக்கம்போலக் கீழிருந்து வெட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, பேராக்கில் ஒரு தோட்டத்திலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். அவருடைய அக்காள் பிள்ளை பர்மிங்ஹாமில் தாதியாக வேலை செய்கிறாராம். திருநங்கை. ஊருக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறதாம்.

“அப்படின்னா அவள இனிமே வேலைய விட்டுத் தூக்கிடலாமா தம்பி?” என்று கேட்டார்.

இல்லையம்மா, அப்படித் தூக்க முடியாது, அந்தச் சட்டம் அப்படியே இருக்கிறது, நீதிபதியே சொல்லியிருக்கிறார் என்றேன். வேலை இடத்தில் உடை மாற்றும் அறை, கழிவறை விஷயத்தில் சிக்கல் வரலாம், அது இன்னும் முடிவாகவில்லை என்பதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பேப்பர்ல அது இல்லியே” என்றார்.